ரெண்டுகோட்டு போட்ட மனு

அவருக்குப் பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருந்தது. அடையாள அட்டையிலும் மருத்துவமனைச் சீட்டிலும் மட்டும்தான் அது உயிரோடு இருந்தது. மற்ற எல்லோருக்கும் அவர் ரெண்டுகோட்டு. எந்த வீட்டுக்காரர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும், “ரெண்டு கோட்டு அடிக்காம நான் பிரஷ்ஷைக் கழுவ மாட்டேன்” என்று ஒற்றைக்காலில் நிற்கும் பெயின்டர் அவர். பேச்சும் அதே கணக்குதான். எதையும் ஒரு தடவை சொன்னால் திருப்தி வராது. கொஞ்சம் காயவிட்டு, மறுபடி ஒரு தடவை சொல்வார்.

முப்பத்தோரு வருடம் சாரத்தில் ஏறியவர். நான்கு மாடி உயரத்தில், ஒரு கையில் டப்பாவும் மறு கையில் பிரஷ்ஷுமாக நின்றபோதெல்லாம் ஒரு கீறல்கூடப் பட்டதில்லை. ஐம்பத்தாறாவது வயதில், மனைவி மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்த ஒட்டடையை அடிப்பதற்காகச் சொந்தச் சமையலறையில் பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்றின் மேல் ஏறினார். ஸ்டூல் ஒரு பக்கம் போனது, அவர் ஒரு பக்கம் போனார். வலது தொடை எலும்பும் வலது தோளும் உடைந்தன. தொடைக்குள் கம்பி வைத்துத் தைத்தார்கள். தோள் ஒருவழியாகக் கூடியது. ஆனால் கை நெஞ்சுயரம் வரைதான் வந்தது. அதற்கு மேல் பூட்டுப் போட்டதுபோல நின்றுவிட்டது. கையைத் தூக்க முடியாத பெயின்டர் எந்தச் சுவருக்கு உதவுவார்? வெளியில் யார் கேட்டாலும், இரண்டாவது மாடிச் சாரத்திலிருந்து விழுந்ததாக மட்டும் சொல்லிவைத்தார்.

அவர் மனைவிக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்குவது. கணவர் வீட்டோடு முடங்கியதிலிருந்து வாரத்துக்கு இரண்டு ஷிஃப்ட் அதிகமாகப் போய்க்கொண்டிருந்தார். ஒன்பதாவது மாதம், கூட வேலை செய்யும் பெண் ஒருத்தி சொன்னாள் என்று உதவித்தொகை அலுவலகத்திலிருந்து தடித்த விண்ணப்பப் படிவம் ஒன்றை வாங்கிவந்தார். அடிபட்டு வேலைக்குப் போக முடியாதவர்களுக்கு நகரமன்றம் மாதாமாதம் கொடுக்கும் தொகை அது.

ரெண்டுகோட்டு படிவத்தை விரலால் தள்ளிவிட்டார். “நான் யார்கிட்டயும் கை நீட்டினதில்லை. நீட்டினதே இல்லை.”

“தெருவுல லைட்டு எரியுது. அதுக்குக் கீழதானே நடக்கறீங்க? அது கை நீட்டறதா? முப்பது வருஷமா வரி கட்டினவருக்குத் திருப்பிக் கொடுக்கறாங்க, வாங்கிக்க என்ன வெக்கம்?”

அந்த அம்மாள் மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படிவத்தை நிரப்பி, மருத்துவச் சீட்டுகளின் நகல் சேர்த்து, காட்டிய இடத்தில் அவரைக் கையெழுத்துப் போட வைத்து அனுப்பினார். ஒரு மாதத்தில் நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. அன்றைக்குப் பார்த்து அம்மாளுக்குக் காலை ஷிஃப்ட்.

“உள்ளதை உள்ளபடி சொல்லுங்க, போதும்” என்றார் கிளம்பும்போது. “முடியாததை முடியாதுன்னு சொல்லணும். அதுக்குத்தான் கூப்பிடறாங்க.”

அவர் போனதும் ரெண்டுகோட்டு முகம் மழித்தார். கல்யாண வீடுகளுக்குப் போடும் சட்டையை எடுத்தார். பட்டனை இடது கையாலேயே போட்டு முடிக்க அரை மணி நேரம் ஆனது. வாசல்வரை வந்தவர், கையிலிருந்த ஊன்றுகோலை ஒரு தடவை பார்த்தார். அதைக் கதவுக்குப் பின்னால் சாய்த்துவைத்துவிட்டு, சுவரைப் பிடித்தபடி படி இறங்கினார்.

உதவித்தொகை அலுவலகத்தில் நீளமான கூடம். தரையோடு முடுக்கிய இரும்பு நாற்காலிகள். வாசலில் ஒரு பெட்டி, பொத்தானை அமுக்கினால் டோக்கன் துப்பியது. அவருக்கு அறுபத்து நான்கு வந்தது. சுவரோரமாக உட்கார்ந்தவருக்குக் கை சும்மா இருக்கவில்லை. சுவரில் பெயின்ட் கொப்பளித்திருந்த இடத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்து, “பிரைமரே அடிக்கலை” என்று முணுமுணுத்தார்.

“அடிச்சிருந்தாலும் நிக்காது. பூச்சு காயறதுக்குள்ள அடிச்சிருக்கான்” என்றது பக்கத்தில் ஒரு குரல்.

ரெண்டுகோட்டுக்கு அந்தக் குரலைத் திரும்பிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் இருக்கவில்லை. ரசமட்டம். சுவர் பூசும் மேஸ்திரி. மட்டம் பார்க்கும் ரசமட்டக் கட்டையை வைத்துப் பார்க்காமல் ஒரு கல்லைக்கூட நம்பாத மனிதர். இருவருக்கும் ஏழாம் பொருத்தம். இவர் பூசிய சுவரில்தான் அவர் பெயின்ட் அடிப்பார். “இவன் மேடுபள்ளத்தை மறைக்கவே எனக்கு ஒரு மூட்டை பட்டி மாவு போகுது” என்பார் ரெண்டுகோட்டு. “கண்ணாடி மாதிரி கொடுத்த சுவரைக் கலர் அடிச்சுக் கெடுத்தான்” என்பார் ரசமட்டம். ஆறு வருடம் முன்னால் ஒரு மாடிப்படிச் சுவரில் விரிசல் விட்டபோது, வீட்டுக்காரர் முன்னாலேயே இருவரும் ஒருவர்மேல் ஒருவர் பழியைப் போட்டு, சட்டையைப் பிடிக்காத குறையாகப் பிரிந்தவர்கள். அதன்பிறகு ஒரே கட்டடத்தில் வேலை செய்தாலும் முகம் கொடுத்துப் பேசியதில்லை.

இப்போது பேசித்தான் ஆகவேண்டும். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு காலி நாற்காலி மட்டுமே இருந்தது.

“என்ன இந்தப் பக்கம்?” என்றார் ரசமட்டம். கைகள் இரண்டையும் பேன்ட் பைக்குள் நுழைத்து வைத்திருந்தார்.

“சொந்தக்காரர் ஒருத்தருக்கு மனு போட்டிருக்கு. பாவம், ஒண்ணும் தெரியாதவர். நீ?”

“நானும் அப்படித்தான். என் சகலைக்கு.”

“ஓ, சகலைக்கா.”

“ஆமா, சகலைக்கு.”

இருவரும் எதிரே இருந்த எண் பலகையைப் பார்த்தார்கள். ஐம்பத்தெட்டு. மற்றவர் எழுந்து போகட்டும் என்று இருவரும் காத்திருந்தார்கள். அறுபது. அறுபத்து இரண்டு. அறுபத்து நான்கு என்று மணி அடித்தபோது ரெண்டுகோட்டு காது கேட்காதவர்போல உட்கார்ந்திருந்தார். இரண்டாம் முறை அடித்தது. “அறுபத்து நாலு, கடைசி அழைப்பு” என்று ஒலிபெருக்கியில் குரலே வந்துவிட்டது.

“சொந்தக்காரரை இன்னும் காணோம். நானே போய்ச் சொல்லிட்டு வந்துடறேன்” என்று எழுந்தார். ஊன்றுகோல் இல்லாமல் பத்தடி நடப்பதற்குள் நெற்றி வியர்த்துவிட்டது. நொண்டுவது தெரியக்கூடாதே என்று கால் வேறு விறைப்பாகப் போயிற்று.

உள்ளே, நெஞ்சுயரப் பிளைவுட் பலகையால் தடுத்த சின்னச் சின்ன அறைகள். மேசைக்குப் பின்னால் அவர் மகள் வயதில் ஓர் அதிகாரி, பேனாவோடு உட்கார்ந்திருந்தாள். அவர் உட்கார்ந்து மூச்சு வாங்கி முடிப்பதற்குள், பலகைக்கு அந்தப் பக்கத்து அறையில் நாற்காலி இழுபடும் சத்தம். அதைத் தொடர்ந்து ஒரு செருமல். அறுபத்து ஐந்து. ரசமட்டத்தின் செருமல்.

“ஐயா, ஐம்பதடி தூரம் துணையில்லாம நடக்க முடியுமா?” என்று கேட்டாள் அதிகாரி.

ரெண்டுகோட்டு பலகையைப் பார்த்தார். “ஐம்பதடியா? ஐம்பதடி என்னம்மா ஐம்பதடி. ஊரைச் சுத்தி வரச் சொல்லுங்க.”

அந்தப் பக்கம் நாற்காலி கிரீச்சிட்டது. பிறகு ரசமட்டத்தின் குரல் உயர்ந்தது. “கைக்கு என்ன சார்? வாளி தூக்கணுமா? ரெண்டு கையிலயும் ரெண்டு வாளி தூக்குவேன்.”

“தலைக்கு மேல கையைத் தூக்க முடியுமா ஐயா?”

“தூக்கலாம். அதெல்லாம் தாராளமா தூக்கலாம்.”

“கொஞ்சம் தூக்கிக் காட்டறீங்களா?”

“இப்ப வேண்டாம்மா. சட்டை டைட்டா இருக்கு.”

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். “ஐயா, உங்க டாக்டர் எழுதினது வேற மாதிரி இருக்குதே. சமையலறை ஸ்டூல்லேந்து விழுந்து…”

“மெதுவாம்மா” என்று ரெண்டுகோட்டு பதறிப்போய்ப் பலகைப் பக்கம் கை காட்டினார். “டாக்டருங்க அப்படித்தான் கூட்டி எழுதுவாங்க. எனக்கு ஒண்ணும் இல்லை. ஒண்ணுமே இல்லை.”

“நெஜமாவா?”

“நெஜமா.”

பதினான்கு கேள்விக்கும் ‘முடியும்’ என்று எழுதிக்கொண்டு, அவள் மரியாதையாக வழியனுப்பினாள். வெளியே வந்தபோது ரசமட்டமும் அதே வேகத்தில் வெளியே வந்தார். இருவரும் தலையசைத்துக்கொண்டு எதிரெதிர் திசையில் போனார்கள். தெருமுனை திரும்பியதும் ரெண்டுகோட்டு மூடியிருந்த கடை ஒன்றின் படியில் உட்கார்ந்தார். எழுந்திருக்க இருபது நிமிடம் ஆனது.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. பதில்களின் நகலும் கூடவே இருந்தது. மனைவி அதைச் சமையலறை மேசையில் வைத்து, செய்தி வாசிப்பதுபோல நிறுத்தி நிதானமாக வாசித்தார்.

“கேள்வி ஒண்ணு, நடை. ‘ஊரைச் சுற்றி வருவேன் என்கிறார்.’ கேள்வி நாலு, மாடிப்படி. ‘நாலு மாடி ஏறுவேன், இறங்குவேன் என்கிறார்.’ கேள்வி ஒன்பது, உடை உடுத்தல். ‘சிரமமில்லை.’” தாளை மடித்துவைத்துவிட்டு உள்ளே போய் ஒரு சட்டையை எடுத்துவந்தார். “சிரமமில்லாம போட்டுக் காட்டுங்க, பார்க்கலாம்.”

ரெண்டுகோட்டு சட்டையை வாங்கவில்லை.

“ஏங்க அப்படிச் சொன்னீங்க?” இப்போது குரலில் கேலி இல்லை. “நான் ஆறு நாள் நின்னுக்கிட்டே மடிக்கறேன். அதைப் பார்த்துமா?”

அவர் மேசையைத் தடவினார். பிறகு தலை நிமிராமல், “பக்கத்து அறையில ரசமட்டம் இருந்தான்” என்றார். கொஞ்சம் விட்டு, “எல்லாம் கேக்கும்” என்றார்.

அம்மாள் ஒரு நிமிடம் அவரையே பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று அவர் பயந்து எழப்போனபோதுதான் தெரிந்தது, சிரிப்பு. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். வேறு வழி தெரியாமல் அவரும் அசடு வழியச் சேர்ந்துகொண்டார்.

சிரித்து முடித்ததும் அம்மாள் கடிதத்தின் கடைசிப் பத்தியைப் படித்தார். முப்பது நாளுக்குள் மறுபரிசீலனை கேட்கலாம். விண்ணப்பதாரரின் நிலையை நன்கு அறிந்த, ஒரே வீட்டில் வசிக்காத ஒருவரைப் பேச அழைத்துவரலாம். வேலையில் பார்த்துப் பழகியவராக இருந்தால் நல்லது.

“ரசமட்டம் வீடு எங்க இருக்கு?” என்று கேட்டார்.

“செத்தாலும் அங்க வரமாட்டேன்.”

“செத்தா உதவித்தொகை கிடையாது. செருப்பைப் போடுங்க. குச்சியையும் எடுங்க.”

நான்கு தெரு தள்ளி, தரைத்தளத்தில் வீடு. கதவைத் திறந்தது ரசமட்டத்தின் மனைவி. ஊன்றுகோலோடு நிற்பவரையும், அவர் மனைவியின் கையிலிருந்த பழுப்பு உறையையும் மாறிமாறிப் பார்த்தார். உள்ளே போய், அதேபோன்ற பழுப்பு உறை ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார்.

“உங்க வீட்டுக்காரர் எத்தனை வாளி தூக்கினாரு?” என்று கேட்டார், வழியிலேயே முழுக் கதையையும் கறந்துவிட்டிருந்த ரெண்டுகோட்டின் மனைவி.

“ரெண்டு கையிலயும் ரெண்டு. இங்க ஒரு டம்ளரைப் பிடிக்கத் துண்டு சுத்திக் கொடுக்கறேன்.”

கூடத்தில் உட்கார்ந்திருந்த ரசமட்டம் கைகளைப் பைக்குள் நுழைக்கப் பார்த்தார். வீட்டில் உடுத்தியிருந்த உடையில் பை இல்லை. அப்போதுதான் ரெண்டுகோட்டு அந்தக் கைகளைச் சரியாகப் பார்த்தார். முப்பது வருடச் சிமென்ட் தோலைத் தின்றிருந்தது. விரல்கள் பாதி மடங்கிய நிலையில் அப்படியே விறைத்து நின்றன; பூச்சுக் கரண்டியின் கைப்பிடியை மட்டும் யாரோ உருவி எடுத்துவிட்டதுபோல.

“சகலை எப்படி இருக்கார்?” என்று கேட்டார் ரெண்டுகோட்டு.

“இருக்கார். உன் சொந்தக்காரர்?”

“அவரும் இருக்கார்.”

இரண்டு பெண்களும் அதற்குள் நாட்காட்டியைக் கழற்றி மேசையில் வைத்துத் தேதி பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருவருடைய மறுபரிசீலனையையும் ஒரே நாளில் வைக்கச் சொல்லிக் கேட்பது, இவருக்கு அவர் பேசுவது, அவருக்கு இவர் பேசுவது என்று முடிவாகிவிட்டது. ஆண்களை யாரும் கேட்கவில்லை.

மறுபரிசீலனை மாடியில், கதவு வைத்த அறையில் நடந்தது. நரைத்த தலையோடு மூத்த அதிகாரி ஒருவர் இருந்தார். ரெண்டுகோட்டின் மனு முதலில் வந்தது.

“இவரைப் பத்தி நீங்க என்ன சொல்றீங்க?” என்று அவர் கேட்டதுதான் தாமதம், ரசமட்டம் ஆறு வருடப் பாக்கியைத் தீர்ப்பவர்போல ஆரம்பித்தார்.

“இவனா சார்? இவனால ஒண்ணும் ஆகாது. இந்த மாடி ஏற எத்தனை தடவை நின்னான் தெரியுமா? நாலு தடவை. ஒவ்வொரு தடவையும் சுவரைப் பார்க்கறமாதிரி நிப்பான். சுவர்ல ஒண்ணும் கிடையாது, மூச்சு வாங்கறான். கை இதுக்கு மேல வராது. சட்டைப் பட்டன் இன்னிக்குக்கூட மாறித்தான் போட்டிருக்கான், பாருங்க.”

ரெண்டுகோட்டு குனிந்து பார்த்தார். மாறித்தான் இருந்தது.

“விழுந்தது எங்கே?”

“சாரத்துலன்னு சொல்லிட்டுத் திரியறான். சமையலறை ஸ்டூல். இவங்க வீட்டம்மா சொன்னாங்க.”

அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினார். “நீங்க இதுக்கு ஏதாவது மறுத்துச் சொல்லணுமா?”

ரெண்டுகோட்டு வாயைத் திறந்தார். பழக்கதோஷத்தில் ஏதோ வரப்பார்த்தது. எதிரே ரசமட்டம் கண்ணை உருட்டினார். “இல்லைங்க” என்றார். “அவன் சொல்றது சரிதான். சரிதான்.”

அடுத்து ரசமட்டத்தின் முறை. அவருக்காகப் பேச ரெண்டுகோட்டு எழுந்து நின்றார். பதிலுக்குப் பதில் வாங்குவதற்கு நல்ல வாய்ப்பு. வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்துவைத்திருந்தார். ஆனால் அதிகாரி வேறு மாதிரி கேட்டார்.

“இவர் கை எப்பலேர்ந்து சரியில்லைன்னு உங்களுக்குத் தெரியும்?”

ரெண்டுகோட்டு ரசமட்டத்தின் கைகளைப் பார்த்தார். “நான் விழறதுக்கு முந்தின வருஷம்ங்க. ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பெயின்ட் அடிச்சேன். இவன் பூசின சுவர். இவன் சுவர்ல அடிக்கும்போது ரோலர் தானா ஓடும்ங்க. எங்கயும் தட்டாது. முப்பது வருஷத்துல அந்த மாதிரிப் பூச்சு வேற யார்கிட்டயும் நான் பார்க்கலை. அன்னிக்கு ஜன்னலுக்குப் பக்கத்துல ரோலர் தட்டிச்சு. கையை வெச்சுப் பார்த்தா, மேடு. இன்னொரு இடத்துல பள்ளம். இவன் அப்படி விடற ஆளே இல்லை. கை போயிருந்தாத்தான் விட்டிருப்பான்னு அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு.”

“யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

“இல்லைங்க. நானே பட்டி பார்த்துச் சரி பண்ணிட்டேன்.”

ரசமட்டம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு செருமினார். அந்தப் பிளைவுட் பலகைக்குப் பின்னால் கேட்ட செருமல் அல்ல இது.

“பட்டி எத்தனை நாள் பார்த்தே?” என்று திரும்பாமலேயே கேட்டார்.

“ரெண்டு நாள்.”

“கூலி?”

“போ அந்தப் பக்கம்.”

அதிகாரி இருவர் தாளிலும் கையெழுத்துப் போட்டுவிட்டு, முடிவு தபாலில் வரும் என்றார். எழுந்தவர் மறுபடி உட்கார்ந்து, ரெண்டுகோட்டைக் காட்டி, “ஒரு விஷயம். கீழ முதல்ல இவரை விசாரிச்ச பொண்ணுக்குப் பலகைக்கு அந்தப் பக்கம் பேசினதும் கேட்டிருக்கு. ‘இவங்க ரெண்டு பேரும் பொய் சொல்றாங்க, மறுபடி கூப்பிடுங்க’ன்னு அன்னிக்கே ஓரத்துல எழுதி வெச்சிருக்கா” என்றார்.

இரண்டு கடிதமும் ஒரே வாரத்தில் வந்தன. இருவருக்கும் உதவித்தொகை உண்டு. ரெண்டுகோட்டுக்கு மருத்துவமனையில் தோளுக்கு இலவசப் பயிற்சியும் உண்டு. அவர் மனைவி கூடுதல் ஷிஃப்டை விட்டுவிட்டார். விட்ட முதல் சனிக்கிழமை மதியம்வரை தூங்கினார். ரெண்டுகோட்டு பாத்திரச் சத்தம் கேட்காமல் தானே தேநீர் போட்டு, ஒரு கையால் அதைக் கட்டில்வரை கொண்டுவந்து சேர்த்தார். பாதி தட்டில் கொட்டியிருந்தது. அந்த அம்மாள் தட்டோடு சேர்த்துக் குடித்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ரசமட்டம் மனைவியோடு வர ஆரம்பித்தார். பெண்கள் உள்ளே பேச, ஆண்கள் பால்கனியில் நாற்காலி போட்டுக்கொள்வார்கள். எதிரே புதுக் கட்டடம் ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. யாரோ முன்பின் தெரியாத ஒரு கூட்டம் அதைப் பூசிக்கொண்டிருந்தது. தங்கள் வேலை இல்லை, தங்கள் பெயரும் கெடாது என்பதால் இருவருக்கும் அது பெரிய நிம்மதி.

“அந்த மூலையைப் பாரு” என்றார் ரசமட்டம் ஒருநாள். “ஒரு விரல் சாஞ்சிருக்கு.”

ரெண்டுகோட்டு கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “சாஞ்சுதான் இருக்கு. நல்லாவே சாஞ்சிருக்கு.”

அவர்கள் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனதைக் கேட்டு, உள்ளேயிருந்த இரண்டு பெண்களும் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

“இடது பக்கமா” என்றார் ரசமட்டம்.

“உனக்குக் கண்ணும் போச்சா? வலது பக்கம்யா.”

பெண்கள் திரும்பவும் தங்கள் பேச்சை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள்.